வெறும் வயிற்றுக் கோழி

சென்னையில் ஒரு பலசரக்குக் கடையின் பின்கட்டில் என் பாதி ஆயுள் போயிற்று. ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு ஊர்க்கார அண்ணாச்சி ஒருவர் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். முகம் பார்த்துப் பேச எனக்கு வராது என்று தெரிந்ததும், கல்லாப் பக்கம் விடாமல் பின்னால் உட்கார்ந்து பொட்டலம் மடிக்கச் சொன்னார்கள். சாக்கு அடுக்குகளின் இடுக்கு வழியாகப் பார்த்தால் கடையில் நிற்கிறவர்களின் முகம் தெரியாது. கைகள்தான் தெரியும். தராசுத் தட்டை விரல் நுனியால் தொடும் கை, நிறுத்த பருப்பில் ஒரு பிடியைத் திரும்ப எடுக்கும் கை, சில்லறை கொடுக்கும்போது ஒரு நாணயத்தை விரலிடுக்கில் நிறுத்திக்கொள்ளும் கை. வருஷக்கணக்காகக் கைகளையே பார்த்தவனுக்கு, மனிதர் யாரைக் கண்டாலும் முதலில் கைதான் கண்ணில் படும்.

நோய்க்கால ஊரடங்கில் கடை மூடியபோது ஊருக்கு வந்தேன். பிறகு திரும்பிப் போகவில்லை. ஆழ்வார்குறிச்சிக்கு வெளியே வாய்க்கால் கரையை ஒட்டி மனைவி வழியில் வந்த தென்னந்தோப்பு கொஞ்சம் இருந்தது. அங்கேயே குடிவந்து, ஒரு கொட்டகை போட்டு நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்கினேன். கோழி பேசாது, விலை கேட்காது என்று நினைத்தேன்.

முதல் ஈட்டுக் குஞ்சுகளில் பாதி வெள்ளைக் கழிச்சல் நோயில் செத்தது. குஞ்சு விற்றவன் நோய்க்குஞ்சைத் தள்ளிவிட்டான் என்று நினைத்தேன். அடுத்த ஈடு பிழைத்தது. ஆனால் நாட்டுக்கோழி கறிக்கடைக் கோழி மாதிரி அவசரமாக வளராது. மாதக்கணக்கில் தின்று தின்று மெதுவாக எடை ஏறும். அதற்குள் தீவனக்காரர் இரண்டு தடவை விலையை ஏற்றிவிடுவார். தோப்புக்கே வந்து ஒன்று இரண்டு என்று வாங்கிப்போகிறவர்கள் கோழியைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு விலை கேட்பார்கள். மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. அவர்கள் கேட்ட விலைக்கே போகும். "நீங்க யாவாரம் பண்ணுதியளா, தானம் பண்ணுதியளா?" என்று மனைவி கேட்பாள்.

மொத்தமாக எடுக்கும் ஆளைக் கண்டுபிடித்துத் தந்தவன் மனைவியின் தம்பி. அவனிடம் ஒரு குட்டி யானை வண்டி உண்டு. அம்பாசமுத்திரம் அரிசி ஆலைகளுக்கு நடை அடிப்பான். எல்லோரிடமும் சிரித்துப் பேசுவான். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கோழிக்கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் அவன்தான் பேசி முடித்தான். வாரம் ஒரு நடை. பாய் விலையில் பேரம் பேசவில்லை. ஒரே ஒரு பேச்சுதான் வைத்தார். கோழி வெறும் வயிற்றோடு வர வேண்டும்.

இந்தத் தொழிலில் அது பெரிய விஷயம். கோழிக்குக் கழுத்துக்குக் கீழே இரைப்பை இருக்கிறது. தின்றது முதலில் அங்கேதான் தங்கும். எடை போடும் முன் நன்றாகத் தீனி வைத்து, தண்ணீரும் காட்டிவிட்டால் ஒவ்வொரு கோழியும் கனக்கும். வாங்குகிறவர் கோழி விலை கொடுத்து அரிசியை வாங்குவார். அதனால் தெரிந்த வியாபாரி எவரும் முதலில் இரைப்பையைத் தடவிப் பார்ப்பார். நான் முந்தின நாள் பொழுது சாயும்போதே தீவனத்தட்டை எடுத்துவிடுவேன். போகவேண்டிய கோழிகளைப் பிடித்து, என் தராசில் நிறுத்து, பிளாஸ்டிக் கூடைகளில் அடைத்துக் கொட்டகை வாசலில் அடுக்கிவைப்பேன். விடியும்போது மச்சினன் வந்து ஏற்றிக்கொண்டு போவான். அவனுக்குக் கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று பேச்சு.

தீனி இல்லாமல் இரவு கழிந்தால் எடை கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. சில வாரம் கழித்து, பாய் போனில் சொல்லும் எடை என் எடைக்குச் சரியாக வந்தது. பிறகு சற்று கூடியது. வேறொருவராக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. புது வாடிக்கைக்காரருக்கு முதலில் கையைத் தாராளமாக விட்டு, அவர் நம்பி வேறு கடைக்குப் போவதை நிறுத்திய பிறகு எடையில் பிடிப்பதைக் கடையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பாய் தராசைத் தளர்த்தி வைத்திருக்கிறார், எனக்கு வலை போடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் கேட்கவில்லை. கூடுதலாக ஏன் காட்டுகிறீர்கள் என்று எப்படிக் கேட்பது?

ஒருநாள் பாயே கூப்பிட்டார்.

"வே, நமக்குள்ள என்ன பேச்சு? வெறும் வயித்துக் கோழிலா? நீரு கோழியோட சேத்து சோத்தையும் எனக்கே விக்கீரு. ஒம்ம மச்சினன்கிட்ட ஒருவாட்டி சொல்லியாச்சு. இன்னொருக்க இரைப்பை நெறஞ்சு வந்துச்சுன்னா வண்டி அப்படியே திரும்பிரும். பொறவு இந்தப் பக்கமே வரவேண்டாம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டார். தோப்பில் நின்றபடியே இருந்தேன். பாய் இல்லாவிட்டால் பண்ணை இல்லை. பண்ணை இல்லாவிட்டால் இந்த வயதில் மறுபடி சென்னைக்குப் போய், யாரோ ஒருவர் கடையின் பின்கட்டில் உட்கார வேண்டும். அந்த இடத்தின் வாடை, மிளகாய் வற்றலும் மண்ணெண்ணெயும் சேர்ந்த வாடை, அப்போதே மூக்கில் ஏறியது.

பாய் சொன்னதில் ஒரு சொல் என்னைக் குத்தியது. மச்சினனிடம் ஒருதடவை சொல்லியாகிவிட்டதாம். அவன் என்னிடம் மூச்சு விடவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வேறு யோசனை ஓடவில்லை. அவனுக்குக் கிலோக் கூலி. எடை ஏறினால் கூலி ஏறும். ஆலையிலிருந்து குருணை மூட்டை ஏற்றுகிற வண்டி. வண்டித் தட்டில் குருணை சிந்திக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். வழியில் எங்கேயாவது நிறுத்திக் கூடைகளில் இரண்டு கை அள்ளிப் போட்டால் முடிந்தது. எல்லாம் பொட்டலத்துக்கு நூல் சுற்றின மாதிரி கச்சிதமாகப் பொருந்தியது.

ஒரு மாலை அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். உள்ளே அக்காள் சுட்டுப் போட்ட தோசையைத் தின்றுகொண்டு அவளிடம் ஏதோ கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் வெளியே அவன் வண்டியில் ஏறித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். ஒரு ஜாக்கியும் பழைய துண்டும் கிடைத்தன. குருணை இல்லை. கெட்டிக்காரன், துடைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நடைக்கு, ஆஸ்பத்திரியில் கண் காட்டத் திருநெல்வேலி போகவேண்டும், நானும் வருகிறேன் என்று சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க அத்தான், ஒத்தையில போய்ப்போய் சலிச்சுப் போச்சு" என்றான். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

அன்று விடியலில் அவன் வாசலுக்குள் நுழைந்த நேரம் முதல் அவன் கைகளை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. கூடைகளை ஏற்றினான், கயிறு கட்டினான், கையைத் துடைத்துக்கொண்டான். வேறொன்றும் செய்யவில்லை. வண்டியில் போகும்போது ஆலைக்காரர் கதை, மேம்பால வேலைக் கதை என்று பேசிக்கொண்டே வந்தான். நான் கண்ணாடியில் பின்னால் கூடைகளைப் பார்த்தபடி ஊங்கொட்டினேன்.

பாப்பாக்குடியில் டீ குடிக்க நிறுத்தினான். இதுதான் இடம் என்று நினைத்தேன். "நீங்க இருங்க, உங்களுக்கு நான் வாங்கிட்டு வாறேன்" என்று அவன் டீக்கடைக்குப் போனான். நான் இறங்கி வண்டியின் பின்பக்கம் போய், மேல் கூடைக்குள் கையை விட்டு ஒரு கோழியின் இரைப்பையைத் தடவினேன். பந்து மாதிரி உருண்டு நின்றது. பக்கத்துக் கோழியும் அப்படித்தான். அடுத்த கூடையிலும் அப்படித்தான்.

கூடையின் ஓரத்தில் விரலில் ஏதோ ஒட்டியது. எடுத்துப் பார்த்தேன். குருணை இல்லை. சோறு. தண்ணீர் ஊற்றி வைத்து ஊறிப்போன பழைய சோறு. கூடை மூலையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை செருகியிருந்தது, அதில் இன்னும் கொஞ்சம் நீத்தண்ணீர் கிடந்தது. அந்தச் சிரட்டை எங்கள் வீட்டு அடுக்களைப் புறத்தில் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கிற சிரட்டை. விடியும் முன் மனைவி வாளியோடு கொட்டகைப் பக்கம் போனதைப் பார்த்திருந்தேன். மாட்டுக்குக் கழனித் தண்ணீர் கொண்டுபோகிறாள் என்று விட்டுவிட்டேன். அவள் கைகளை நான் பார்க்கவே இல்லை.

"என்ன அத்தான், கோழிக்குக் காய்ச்சலா?"

மச்சினன் இரண்டு கையிலும் டீ டம்ளரோடு நின்றான். என் விரலில் இருந்த சோற்றைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பையப் பைய இறங்கியது.

"கண்ணு காட்டப் போகணும்னு சொன்னது இதுக்குத்தானா?"

நான் சோற்றை விரலிலிருந்து உதறினேன். அவன் டீயை என்னிடம் நீட்டவும் இல்லை, திரும்பக் கொண்டுபோகவும் இல்லை. நின்றான்.

"பாய் என்னய நாலு பேருக்கு முன்னால வச்சுக் கேட்டாரு. நீங்கதான் எடைக்காவ தீனி வைக்கியன்னு நெனச்சேன். அக்கா மாப்பிள்ள, மூத்தவுக. இத எப்படி வாயத் தொறந்து கேக்கன்னு விட்டுட்டேன்." டம்ளர்களை வண்டித் தட்டில் வைத்தான். "நீங்க என் வண்டிய நோண்டுனதும் தெரியும். துண்டு வச்ச எடத்துல இல்ல. கோழிச்செள்ளுப் பூச்சி எதும் ஏறியிருக்கான்னு பாக்காவ போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவனும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறான். ஆனால் அவன் சந்தேகத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு எனக்காகத் திட்டு வாங்கியிருக்கிறான். நான் அவன் தோசை தின்னும்போது அவன் இருக்கைக்கு அடியில் கையை விட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல.

முக்கூடல் தாண்டி திருநெல்வேலி வரும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருக்கும் எல்லாக் கோழிக்கும் வயிறு நிறைந்திருக்கிறது. பாய் கையை வைத்தால் வண்டி திரும்பிவிடும். அவர் கையை வைப்பதற்கு முன்னால் நான் பேச வேண்டும். என் பெண்டாட்டி இரக்கப்பட்டுச் சோறு போட்டாள் என்று ஒரு வியாபாரியிடம் சொல்ல வேண்டும். கடையில் யாராவது என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா?

பாய் என் வயதுக்காரர்தான். முண்டா பனியனும் கைலியுமாகக் கடையிலிருந்து வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும், "ஓகோ, மொதலாளியே வந்தாச்சா" என்றபடி மேல் கூடையைத் திறக்கப் போனார். நான் கூடைமேல் கையை வைத்துவிட்டேன். நானே எதிர்பார்க்கவில்லை. பிறகு சொன்னேன்.

"பாய், இன்னைக்கும் இரைப்பை நெறஞ்சுதான் இருக்கு. வீட்டுல சோறு வச்சிருக்கா. எனக்கு இப்பத்தான் தெரியும். எடைக்காவ இல்ல. வெறும் வயித்தோட அனுப்ப மனசு வரல அவளுக்கு."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே கோழி அறுத்துக்கொண்டிருந்த ஆளிடம் திரும்பினார். "கேட்டியாலே, இவுக வீட்டம்மா கோழிக்கு வழிச்சோறு கட்டிக் குடுத்திருக்காவளாம். ஊறுகா வச்சாவளான்னு கேளு." உள்ளே சிரிப்பு எழுந்தது. எனக்குக் காது சுட்டது. கூடையை விட்டுக் கையை எடுக்காமல் நின்றேன்.

பாய் சிரிக்கவில்லை. மச்சினனைப் பார்த்தார். "நெசமாவே?"

அவன் என்னைக் கைவிட்டிருக்கலாம். விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"எங்க அக்கா செய்வா பாய். அவ வீட்டுலருந்து எவனும் வெறும் வயித்தோட எறங்குனதில்ல" என்றான். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னான், "அவளப் பத்தி எனக்குத் தெரியும். இவுகளப் பத்தித்தான் தெரியாமப் போச்சு."

பாய்க்கு அது புரிந்ததோ இல்லையோ, கேட்கவில்லை. ஒரு கோழியை எடுத்து இரைப்பையைத் தடவினார். விரலால் அமுக்கிப் பார்த்தார். மெத்தென்று இருப்பது சோறா, எடைக்காக ஊட்டிய மணல் கிணல் இருக்கிறதா என்று பார்க்கிறார். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அறுக்கதுக்கு முன்னால நாங்களும் தண்ணி காட்டத்தான் செய்யுதோம். அதுல ஒரு தப்பும் இல்ல," என்றார் கடைசியில். "ஆனா தராசுக்கு முன்னால சோறு வைக்கக் கூடாதுவே. தராசுக்குப் பொறவு வைக்கச் சொல்லும்."

அன்றைக்குக் கோழிக்கு இவ்வளவு என்று எடையில் கழித்தார். கழிவு கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் பட்டது. வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் முதல் தன் ஆள் முந்தின நாள் பொழுதோடு தோப்புக்கே வந்து, தன் தராசில் நிறுத்து, கூடைகளைக் கட்டிவிட்டுப் போவான், காலையில் நாங்கள் என்ன போட்டாலும் தனக்குக் கவலையில்லை என்றார். அதாவது வியாபாரத்தை விடவில்லை. என்னை நம்பவும் இல்லை. அது நியாயம்தான்.

திரும்பி வந்து மனைவியிடம் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. ஒளிக்க அதில் ஒன்றும் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. கூடையில் அடைத்த கோழி விடியுமுன் கூடை இடுக்கைக் கொத்திக்கொண்டே கிடக்கிறதாம், சில வாரம் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் தாங்கவில்லையாம். "கோயில் கொடைக்கு வெட்டுத கெடாவுக்கே கொழையும் தண்ணியும் காட்டித்தான கொண்டு போறாவ? நாம வளத்தத வயித்த காயப்போட்டு அனுப்பச் சொல்லுதியளோ?" என்றாள். அதனால் எடை கூடும், வியாபாரம் கெடும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. வெறும் வயிறு ஏன் என்று ஒருநாளும் விளக்கியதில்லை, தட்டை எடுத்துவைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்வேன்.

தம்பியைச் சந்தேகப்பட்ட கதை அதற்குள் அவள் காதுக்கு வந்திருந்தது. அதற்குத்தான் அவளுக்குக் கோபம். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டிருக்கலாம். கேட்கத் தெரியாதவனுக்குச் சந்தேகப்படத்தான் தெரிகிறது. அவளிடம் இதைக்கூட நான் சொல்லவில்லை.

இப்போது பாயின் ஆள் மாலையில் வருகிறான். கொட்டகை உத்திரத்தில் அவர்கள் தராசும் தொங்குகிறது, என் தராசும் தொங்குகிறது. ஒவ்வொரு கூடையும் இரண்டிலும் ஏறி இறங்கும். அவன் கூடைகளுக்குச் சிவப்பு நூல் கட்டி, முடிச்சை வேறு யாராலும் போட முடியாத மாதிரி ஏதோ செய்கிறான். விடியலில் மனைவி எல்லார் பார்க்கவும் வாளியைக் கொண்டுவந்து, கூடை இடுக்கு வழியாகச் சோறும் தண்ணீரும் வைக்கிறாள். அந்தச் சோறு பாய் கடையில் கோழி வாங்கும் யாருடைய எடையில் சேர்கிறது என்று எனக்கு அவ்வப்போது ஓடும். கேட்கவில்லை. பண்ணை ஓடுகிறது. தீவனக்காரருக்குக் கொடுத்தது போக ஏதோ நிற்கிறது. சென்னைக்குப் போகவேண்டியதில்லை.

மச்சினன் வண்டியை நிறுத்தவில்லை. அக்காளுக்காக வருகிறான். கிலோக் கூலி வேண்டாம், நடைக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்ளலாம் என்று அக்காள் மூலமாகவே சொல்லியனுப்பினான். அதில் எனக்கு மிச்சம்தான், அவனுக்குத்தான் குறைவு. வீட்டுக்குள் வந்து இப்போது எதுவும் தின்பதில்லை. வரும்போதே சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்பான்.

கூடைகளை ஏற்றி முடித்ததும் பின்கதவை மூடமாட்டான். தார்ப்பாயை முழுக்க விரித்து ஒருதடவை உதறுவான். ஓட்டுநர் இருக்கையைத் தூக்கிச் சாய்த்து வைப்பான். ஜாக்கியையும் துண்டையும் எடுத்துத் தரையில் போடுவான். பிறகு ஒதுங்கி நின்று, "பாத்துக்கிடுங்க அத்தான்" என்பான்.

எடை போட்டாகிவிட்டது. கூடைகளில் முடிச்சு விழுந்தாகிவிட்டது. இரைப்பை நிறைந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த வண்டியில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. முதல் நாள் அதைச் சொல்லிப் பார்த்தேன். "வேண்டாம் மாப்ள, வண்டிய எடும்" என்று சொன்னேன். அவன் அசையவில்லை. மனைவி வாளியோடு நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏற ஏறக் கோழிகள் கூடையில் இரைத்தன.

நான் போய் இருக்கைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். அதன் பிறகுதான் அவன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியைக் கிளப்பினான்.